அமெரிக்காவில் சி.டி.எல். ஏர் பிரேக் எழுத்துத் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முதல் முறை இந்தத் தேர்வை எழுதியபோது 25 கேள்விகளில் 19 சரி. ஒன்று கூடியிருந்தால் தேர்ச்சி. எண்களையெல்லாம் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தும் தோற்றதற்குக் காரணம், அந்தக் காற்று எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பதே எனக்குப் பிடிபடாததுதான். இரண்டாம் முறை காற்றின் வழியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். எண்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. பிறகு உரிமத்துக்குத் தயாரான நண்பர்கள் பலர் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

இந்தத் தேர்வை யார் எழுத வேண்டும்? எழுதாமல் விட்டால் என்ன?

வணிக வாகன உரிமமான சி.டி.எல். வாங்கப்போகிறவர், ஏர் பிரேக் பொருத்திய வண்டியை ஓட்ட வேண்டும் என்றால் எழுத வேண்டும். சரக்கு, பயணிகள் போன்றவற்றுக்குத் தனி அனுமதி எழுத்துகள் உரிமத்தில் சேர்க்கப்படும் அல்லவா, ஏர் பிரேக் அப்படி அல்ல. இங்கே வழக்கம் நேர்மாறு: தேர்வில் தேறாவிட்டால் உரிமத்தில் 'எல்' என்ற தடை எழுத்து விழும். ஏர் பிரேக் உள்ள எந்த வணிக வண்டியையும் தொடக்கூடாது என்று அதற்குப் பொருள். பெரிய டிரெய்லர் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஏர் பிரேக்கில் ஓடுவதால், 'எல்' விழுந்த ஏ வகுப்பு (பெரிய டிரெய்லர் வண்டிகளுக்கான) உரிமத்தை வைத்துக்கொண்டு வேலை தேடுவது சிரமம்.

இன்னொரு தடை எழுத்து 'இசட்'. எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு, ஓட்டுநர் தேர்வுக்குக் காற்றும் ஹைட்ராலிக் எண்ணெயும் கலந்து வேலை செய்யும் பிரேக் உள்ள வண்டியைக் கொண்டுபோனால் இது விழும். முழு ஏர் பிரேக் வண்டியிலேயே ஓட்டிக் காட்டிவிடுங்கள்.

எத்தனை கேள்விகள்? எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்?

பெரும்பாலான மாநிலங்களில் 25 கேள்விகள், விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. தேர்ச்சிக்கு 80 விழுக்காடு; அதாவது 20 சரி. இந்த 80 விழுக்காடு மத்திய அரசின் விதி, எந்த மாநிலத்திலும் குறையாது. ஏ வகுப்புக்குப் போகிறவர் பொது அறிவு, ஏர் பிரேக், இணைப்பு வண்டிகள் என்று மூன்று தாள் எழுத வேண்டியிருக்கும். கேள்விகள் எல்லாம் மாநிலம் இலவசமாகத் தரும் சி.டி.எல். கையேட்டிலிருந்து வருபவை. அதில் ஏர் பிரேக் ஐந்தாம் பகுதி. இணையத்தில் கிடைக்கும் வினா வங்கிகளைப் பிறகு பாருங்கள். முதலில் அந்தப் பகுதியை இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள்.

காற்று எப்படி பிரேக் பிடிக்கிறது? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

ஒரே மூச்சில் முடியாது, இரண்டு மூச்சில் சொல்கிறேன்.

எஞ்சின் சுழலும்போது அதோடு பல்சக்கரத்தாலோ பெல்ட்டாலோ இணைந்த கம்ப்ரசரும் சுழன்று காற்றை டேங்குகளில் அடைக்கிறது. எவ்வளவு அடைக்கலாம் என்று முடிவு செய்வது கவர்னர். நீங்கள் பெடலை மிதித்ததும் டேங்கில் இருக்கும் காற்று குழாய் வழியாகச் சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பருக்குப் பாய்கிறது. அங்கே ஒரு தண்டு வெளியே தள்ளப்படுகிறது. தண்டின் முனையில் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கை. அது திரும்பும்போது 'எஸ்' வடிவ கேம் சுழன்று, பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. வண்டி நிற்கிறது. காலை எடுத்தால் காற்று வெளியேறிவிடும். அந்த 'புஸ்' என்ற ஒலி அதுதான். மிதித்துவிட்ட காற்று திரும்ப டேங்குக்குப் போவதில்லை. கம்ப்ரசர்தான் மறுபடி அடைக்க வேண்டும். தேவையில்லாமல் பெடலை மிதித்து மிதித்து விடுவது தவறு என்று கையேடு சொல்வது இதனால்தான்.

இது ஓட்டத்தில் பிடிக்கும் பிரேக். இரண்டாவது மூச்சுக்கு உரியது நிறுத்தி வைக்கும் பிரேக், அதாவது பார்க்கிங் பிரேக். இதில் பிரேக்கைப் பிடிப்பது காற்று அல்ல, கனமான ஒரு ஸ்பிரிங். வண்டி ஓடும்போது காற்றழுத்தம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி அடக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். ஆக, ஒரே காற்றுக்கு இரண்டு வேலை: மிதிக்கும்போது பிரேக்கைப் பிடிப்பது, ஓடும்போது ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் வைப்பது. இது மனதில் பதிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்தது.

ரயிலிலும் இதே கதைதான் நடந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற முதல் ஏர் பிரேக்கில், காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கும் போச்சு. 1872இல் அவரே அதைத் தலைகீழாக்கி, குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி மாற்றினார். லாரியின் ஸ்பிரிங் பிரேக்குக்குப் பின்னால் இருப்பதும் அதே எண்ணம்.

எண்கள் குழப்புகின்றன. எதை எப்படி நினைவில் வைப்பது?

மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பி.எஸ்.ஐ. அளவில், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு காற்றழுத்தம் என்ற கணக்கில்.

உச்சியில் 150. கவர்னர் பழுதாகிக் காற்று ஏறிக்கொண்டே போனால், டேங்க் வெடிக்காமலிருக்க பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும் அழுத்தம் இது. அந்த வால்வு திறந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அடுத்த படி ஏறத்தாழ 125. கவர்னர் 'போதும்' என்று கம்ப்ரசரை நிறுத்தும் இடம். அடுத்தது ஏறத்தாழ 100. 'இனி அடை' என்று மறுபடி தொடங்கும் இடம். நிறுத்துவதைக் 'கட் அவுட்' என்றும் தொடங்குவதைக் 'கட் இன்' என்றும் கேட்பார்கள். இரண்டையும் மாற்றிப்போடுவதுதான் மிகப் பொதுவான தவறு.

பிறகு ஒரு நீண்ட இறக்கம், 55க்கு. காற்று இந்த அளவுக்குக் கீழே இறங்கும் முன்பே எச்சரிக்கை விளக்கோ மணியோ இயங்க வேண்டும். பழைய கையேடுகளில் 60 என்று இருக்கும்; உங்கள் மாநிலத்தின் இப்போதைய கையேட்டில் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதுவே விடை. பெரிய பேருந்துகளில் இது 80–85லேயே ஒலிக்கும்.

அடிப்படி 20 முதல் 45 வரை. இங்கே ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். 'எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு 'ஸ்பிரிங் பிரேக் பிடிக்கும்வரை காத்திருப்பேன்' என்றும் ஒரு விடை கொடுத்திருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். வண்டியை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்து நிறுத்தக் காற்று மிச்சமிருக்கும்போதே, பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். 45க்கு இறங்கியபின் முடிவு உங்கள் கையில் இல்லை.

நாமக்கல்லில் பத்து வருடம் லாரி ஓட்டியவன் நான். எனக்கும் படிக்க வேண்டுமா?

வேண்டும், உங்களுக்குத்தான் கூடுதலாக. கை பழகியிருக்கும், அது பெரிய பலம். ஆனால் நீங்கள் பழகிய மீட்டர் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றோ பார் என்றோ காட்டியிருக்கும், இங்கே பி.எஸ்.ஐ. நீங்கள் அறிந்த 7 கிலோ இங்கே ஏறக்குறைய 100. நிறுத்தி வைக்க அங்கே சிறு நெம்புகோலை இழுத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே டாஷ்போர்டில் மஞ்சள் நிறச் சாய்சதுரக் குமிழ்: இழுத்தால் பிரேக் பிடிக்கும், அழுத்தினால் விடும். பக்கத்தில் சிவப்பு எண்கோணக் குமிழ் டிரெய்லருக்குக் காற்று அனுப்புவது. எது எந்த வடிவம் என்றுகூடக் கேட்கிறார்கள்.

அனுபவம் காலை வாருவது இன்னோர் இடத்தில். நடைமுறையில் எல்லோரும் செய்வதும், கையேடு செய்யச் சொல்வதும் வேறாக இருக்கும்போது, தேர்வில் கையேட்டின் பக்கம் நில்லுங்கள்.

டூயல் ஏர் பிரேக் என்றால் இரண்டு பெடலா?

ஒரே பெடல்தான். அதன் பின்னால் காற்று இரண்டு தனி வழிகளாகப் பிரிகிறது. ஒன்று பின் அச்சுக்கு, மற்றொன்று முன் அச்சுக்கு. டிரெய்லர் இருந்தால் இரண்டுமே அதற்கு உதவும். ஒன்றில் கசிவு ஏற்பட்டால் மற்றது மிஞ்சும், ஆனால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எனவே ஒன்று போனாலும் நிறுத்திவிட வேண்டும். புறப்படும் முன் இரண்டு பக்கமும் குறைந்தது 100 பி.எஸ்.ஐ. வரக் காத்திருங்கள். 85இலிருந்து 100 வரை ஏற 45 வினாடிக்கு மேல் ஆனால் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். இந்த 45 வினாடியும் மேலே சொன்ன 45 பி.எஸ்.ஐ.யும் ஒரே எண்ணாக இருப்பது சும்மா தற்செயல்தான், இருந்தாலும் பலரைக் குழப்புகிறது.

டேங்கில் தண்ணீர் எப்படி வருகிறது? ஏன் வடிக்க வேண்டும்?

காற்றிலேயே ஈரம் உண்டு. அமுக்கும்போது அது நீராக மாறி, கம்ப்ரசரிலிருந்து வரும் கொஞ்சம் எண்ணெயோடு டேங்கின் அடியில் தேங்கும். குளிர்காலத்தில் அது உறைந்தால் வால்வுகள் அடைபட்டு பிரேக்கே போகலாம். கையால் வடிக்கும் வால்வு இருந்தால் தினமும் வேலை முடியும்போது முழுக்க வடிக்க வேண்டும். சில வண்டிகளில் ஆல்கஹால் கலந்து உறைவதைக் குறைக்கும் கருவி இருக்கும். 'அது இருந்தால் வடிக்க வேண்டாம்' என்று ஒரு விடை வரும், தவறு. இருந்தாலும் தினமும் வடிக்க வேண்டும்.

ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

பிரேக் லைனிங் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) தேயத் தேய தண்டு தள்ள வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்கு மேல் தண்டு முழுக்க வெளியே வந்தும் ஷூ டிரம்மை அழுத்தாது. காற்றழுத்த மீட்டர் 120 காட்டும், வண்டி நிற்காது. மீட்டரில் தெரியாத ஆபத்து என்பதால்தான் இத்தனை கேள்வி.

சோதிக்கும் முறை: சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, எட்டும் ஸ்லாக் அட்ஜஸ்டர்களை ஒவ்வொன்றாக வலுவாக இழுங்கள். தண்டு இணைகிற இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் சரிசெய்ய வேண்டும். கட்டையை மறந்துவிட்டு பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கும் ஆளைப் பயிற்சியாளர் எவரும் மன்னிக்க மாட்டார்.

1994க்குப் பிறகு வந்த வண்டிகளில் தானே சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்கும். அதைக் கையால் திருகுவது பராமரிப்பு வேலையின்போது மட்டும். அது தானே சரியாகாமல் நழுவிக்கொண்டே போனால், பழுது வேறெங்கோ இருக்கிறது. திருகினால் பழுது மறையும், தீராது.

ஸ்பிரிங் பிரேக்கின் பலமும் இதே சரிசெய்தலைத்தான் நம்பியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பிரேக் சரியில்லை என்றால் அவசர பிரேக்கும் சரியாக இருக்காது. அதே சுற்றில் டிரம்மையும் பாருங்கள்: உராயும் பகுதியின் அகலத்தில் பாதிக்கு மேல் நீண்ட விரிசல் கூடாது; லைனிங் தளர்ந்தோ எண்ணெய், கிரீஸ் ஊறியோ இருக்கக் கூடாது.

ஏர் பிரேக் வண்டி நிற்க ஏன் அதிக தூரம் எடுக்கிறது?

ஹைட்ராலிக் பிரேக்கில் மிதித்ததும் பிடிக்கும். காற்று குழாய் வழியே ஓடிச் சேர அரை வினாடியாவது ஆகும். இது பிரேக் தாமதம். மணிக்கு 55 மைல் வேகத்தில் கையேடு தரும் கணக்கு இப்படி: ஆபத்தைக் கண் கண்டு மூளை உணர 142 அடி, கால் பெடலுக்குப் போக 61 அடி, காற்று சேர 32 அடி, பிடித்தபின் நிற்க 216 அடி. கூட்டிப் பாருங்கள், 451. 'மொத்தம் எவ்வளவு' என்ற கேள்விக்கு 450 அடிக்கு மேல் என்பதே விடை. நல்ல சாலை, நல்ல பிரேக், விழிப்பான ஓட்டுநர் என்ற நிலையில் வரும் கணக்கு இது. எத்தனை பகுதிகள் என்று கேட்டால் நான்கு. ஹைட்ராலிக்கில் மூன்றுதான், கூடுதலாக வருவது அந்தத் தாமதம்.

நீண்ட இறக்கத்தில் எப்படி பிரேக் பிடிக்க வேண்டும்?

இறக்கம் தொடங்கும் முன்பே சரியான கியருக்கு வந்துவிட வேண்டும். எஞ்சின்தான் முதல் பிரேக், பெடல் அதற்குத் துணை. பாதுகாப்பான வேகம் 40 மைல் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 40ஐத் தொட்டதும், வேகம் குறைவது தெளிவாகத் தெரியும்படி மிதியுங்கள். 35க்கு வந்ததும் காலை முழுக்க எடுங்கள். இந்த மிதி மூன்று வினாடி அளவுக்கு நீடிக்கும். மறுபடி 40 ஏறியதும் மறுபடி. இறக்கம் முடியும்வரை இதே தாளம்.

விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி விரியும். ஷூ உள்ளேயும் டிரம் வெளியேயும் இருப்பதால், டிரம் விரிந்தால் ஷூவிலிருந்து விலகுகிறது என்று பொருள். எட்டிப் பிடிக்கத் தண்டு இன்னும் அதிகம் நீள வேண்டும். சரிசெய்யாத ஸ்லாக் அட்ஜஸ்டரும் சேர்ந்துகொண்டால் மலைச்சாலையில் பிரேக்கே இல்லை. முந்தைய பதிலும் இதுவும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்.

பார்க்கிங் பிரேக்கை எப்போது போடக்கூடாது?

பிரேக் மிகவும் சூடாக இருக்கும்போது போடக்கூடாது, அந்தச் சூட்டில் கெட்டுவிடும். கடுங்குளிரில் ஈரமாக இருக்கும்போதும் போடக்கூடாது, உறைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டி நகராது. இரண்டு நேரத்திலும் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஆறவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் போட்டே ஆக வேண்டும். ஸ்பிரிங் பிரேக் பிடித்திருக்கும்போது பெடலையும் மிதிக்காதீர்கள்: ஸ்பிரிங்கும் காற்றும் ஒரே நேரத்தில் தள்ளினால் உறுப்புகள் சேதமாகும்.

ஏ.பி.எஸ். பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஏ.பி.எஸ். என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி. முதலில் இரண்டு தேதிகள். ஏர் பிரேக் உள்ள டிராக்டர்களுக்கு (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டிகளுக்கு) 1997 மார்ச் 1 முதலும், மற்ற லாரி, பேருந்து, டிரெய்லர்களுக்கு 1998 மார்ச் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயம். பழுதைக் காட்டும் விளக்கு மஞ்சள். டிரெய்லரில் அது இடப்பக்கம், முன் மூலையிலோ பின் மூலையிலோ இருக்கும். ஏ.பி.எஸ். பழுதானாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். அது நிற்கும் தூரத்தைக் குறைப்பதற்கான கருவி அல்ல. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து, ஸ்டியரிங்கை உங்கள் கையில் வைத்திருப்பதற்கானது.

அறிவாளிகளும் தவறவிடும் கேள்வி எது?

'பனிக்கட்டிச் சாலையில் முன்சக்கர பிரேக் பிடிப்பது ஆபத்தா?' ஆபத்து என்று நம் உள்ளுணர்வு சொல்லும். முன்சக்கர பிரேக் எல்லா நிலையிலும் நல்லது என்பதே கையேட்டின் விடை. 1975க்கு முந்தைய சில வண்டிகளில் 'வழுக்கல் சாலை' என்று திருப்பி வைக்கும் முன்பிரேக் வால்வு இருந்தது. அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சம் இந்தக் குழப்பம்.

இன்னொன்று, பெயரில் வரும் குழப்பம். 'ஃபுட் வால்வ்', 'டிரெடில் வால்வ்', பிரேக் பெடல் மூன்றும் ஒன்றே. நான் தவறவிட்ட ஆறில் ஒன்று இது.

தமிழில் எழுத முடியுமா?

தமிழை நம்பி இருக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொள்ள விதி அனுமதிப்பதில்லை. மாநிலங்களுக்கு இடையே ஓட்டுகிறவருக்கு ஆங்கிலத்தில் பேசவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் புரிந்துகொள்ளுங்கள், பிறகு கையேட்டின் ஆங்கிலச் சொற்களோடு அதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வு முடிந்ததும் உடனே ஓட்டிக் காட்டலாமா?

முடியாது. கற்பவர் அனுமதிச் சீட்டு கைக்கு வந்து 14 நாள் ஆகியிருக்க வேண்டும். முதல் முறை ஏ வகுப்போ பி வகுப்போ (தனிக் கனரக வண்டிகளுக்கானது) வாங்குகிறவர், 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் இருக்கும் தொடக்கநிலைப் பயிற்சியையும் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் முடித்திருக்க வேண்டும்.

அந்த 14 நாளை வீணாக்காதீர்கள். ஓட்டுநர் தேர்வில் வண்டிச் சோதனையின் ஒரு பகுதியாக ஏர் பிரேக் சோதனையை நீங்களே செய்துகாட்டி, வாயாலும் சொல்ல வேண்டும். அதில் தவறினால் அன்றைய தேர்வு அங்கேயே முடிந்துவிடும். வரிசை இது: கசிவு, எச்சரிக்கை, குமிழ்.

காற்று முழுதாக ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள்: தனி வண்டியில் 2 பி.எஸ்.ஐ., டிரெய்லர் இணைந்ததில் 3க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை அழுத்திப் பிடியுங்கள். முதலில் கொஞ்சம் இறங்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன்பின் ஒரு நிமிடத்தில் தனி வண்டிக்கு 3, இணைந்ததற்கு 4. சாவியைத் திருப்பி மின்சாரம் வரச் செய்து, பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்குங்கள். 55க்கு முன் எச்சரிக்கை வர வேண்டும். தொடர்ந்து மிதித்தால் 45க்கும் 20க்கும் இடையில் குமிழ் 'டப்' என்று வெளியே துள்ளும்.